கோட்டுப் பைக்குள் போன கை

என் கணவருக்குத் துப்பாக்கி ஆசை பிடித்தது அவருடைய ஐம்பதாவது வயதில். அதுவரை அவர் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலு வாணவேடிக்கைச் சத்தத்துக்கே ஜன்னலை இழுத்துச் சாத்துகிற மனிதர். 2009இல் ஊரில் போர் முடிந்த பிறகு, வீட்டில் துப்பாக்கி என்ற சொல்லே யார் வாயிலும் வராது.

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில் எங்கள் நகைக்கடை. போர் முடிந்து சில வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம், ஹெல்மெட்டைக் கழற்றாமலே இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் இவருடைய நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்ட, மற்றவன் தட்டுகளை வழித்துக்கொண்டு போனான். பின்னறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நான் வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இவர் இரண்டு கைகளையும் தூக்கியபடியே நின்றார். நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன்.

நகைக்குக் காப்புறுதி இருந்தது. இவருடைய நித்திரையை யாரும் திருப்பித் தரவில்லை. கடை வாசலில் யாராவது பலமாகச் சிரித்தாலே முகம் வெளிறிவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் டெக்சாஸிலிருந்து இவருடைய அண்ணன் போன் எடுக்கத் தொடங்கினார். எனக்கு அத்தான் முறை. நல்ல மனிதர், ஆனால் பேசத் தொடங்கினால் மூச்சு விடமாட்டார்.

"நான் சேட்டுக்குள்ளை துவக்கு இல்லாமல் பெற்றோல் அடிக்கவும் போறேல்லை. பெர்மிட் இருக்கு. ஆரிட்டை இருக்கு, ஆரிட்டை இல்லையெண்டு கள்ளனுக்குத் தெரியாது. அந்தப் பயம் காணும். பெர்மிட் குடுத்த இடமெல்லாம் களவு, கொலை எல்லாம் குறைஞ்சு போச்சு."

"அது துவக்காலைதான் குறைஞ்சதெண்டு ஆர் அத்தான் பார்த்தது?" என்று ஸ்பீக்கரில் இருந்த போனில் நான் குறுக்கே கேட்டேன்.

"அதுக்கெல்லாம் கணக்கு இருக்குப் பிள்ளை."

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் தன் அறையிலிருந்து பிரெஞ்சில் கத்தினாள். பெர்மிட் கொடுக்காத இடங்களிலும் அதே காலத்தில் குற்றம் குறைந்திருந்தால் பெரியப்பா என்ன சொல்வாராம்? பெர்மிட்டால் கூடியது என்று சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள், படித்தவர்களே இதில் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள் என்றாள். அத்தானுக்குப் பிரெஞ்சு விளங்காது. கொஞ்சம் உறைப்புச் சேர்த்து நான் தமிழில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அவள் சின்னப்பிள்ளை" என்றார்.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் ஊரில் துப்பாக்கிக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. கள்ளர் குறைந்தார்களோ தெரியாது, சனம் குறைந்தது. இதை இவரிடம் சொன்னபோது, "போரும் களவும் ஒண்டோ? விசர்க்கதை கதையாதையும்" என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் நெற்றிக்கு நேரே துப்பாக்கியைக் கண்ட மனிதரோடு எந்தக் கணக்கை வைத்துப் பேசுவது? எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றுக்குப் போகத் தொடங்கினார். ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் ஒன்றை வாங்கி வைத்திருக்க பிரிபெக்சர் என்கிற அரசாங்க அலுவலகத்தில் அனுமதி கேட்கலாமாம். ஆனால் வீட்டில் பூட்டி வைக்கத்தான் அந்த அனுமதி. இது டெக்சாஸ் இல்லை, இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்க விடமாட்டார்கள்.

"பூட்டி வைக்கிற சாமானுக்கு ஏன் இந்த அலைச்சல்?" என்று கேட்டேன்.

"முதல் கையிலை வரட்டும். பிறகு பாப்பம்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒருநாள் அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கடைக்கு வருவார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பயத்தில் என் நித்திரையும் போனது.

அந்தப் பனிக்காலத்தில்தான் ஸ்தேன் என்ற புறநகரில் ஒரு பொன்னுருக்கு வந்தது. எங்கள் ஆட்களுக்குத் தாலியைக் கடையில் வாங்கினால் போதாது. கலியாணத்துக்கு முன் நல்லநாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கக் காசை உருக்க வேண்டும். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது. ஊரில் என்றால் கரியடுப்பும் ஊதுகுழலும். இங்கே கரி மூட்டினால் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்பதால் இவர் ஒரு சின்ன காஸ் டோர்ச் வைத்திருந்தார். பிடியும் விசையுமாகக் கைக்கு அடக்கமானது. விசையை அமத்தினால் மூக்கில் நீலச் சுவாலை வரும்.

களவுக்குப் பிறகு இவர் நகைக்காரர் என்று காட்டும் பை எதுவும் தூக்குவதில்லை. அதனால் தங்கக் காசு என் சாப்பாட்டுப் பெட்டிக்குள், வடைக்குக் கீழே போனது. டோர்ச் இவருடைய கோட்டுப் பைக்குள் போனது. மாப்பிள்ளை வீடு நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியில் ஏறினோம். இரண்டாம் மாடி தாண்டியதும் படிக்கட்டு விளக்கு வழக்கம்போலத் தானாக அணைந்தது.

இருட்டில் மேலேயிருந்து யாரோ ஓடிவரும் சத்தம். நேராக எங்களை நோக்கி, தடதடவென்று. எனக்கு முன்னால் நின்றவரின் கை கோட்டுக்குள் போனது எனக்குத் தெரியவில்லை, துணி உரசிய சத்தம்தான் கேட்டது. "நில்!" என்று பிரெஞ்சில் கத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம்.

நீலச் சுவாலை எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு நெற்றியும் மூன்று விபூதிக் குறியும் தெரிந்தன.

நான் சுவரைத் தடவி விளக்கைப் போட்டேன். இரண்டு படி மேலே, பட்டு வேட்டியும் அதற்கு மேல் தொப்பி வைத்த ஜாக்கெட்டுமாக மாப்பிள்ளை நின்றான். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. லிஃப்ட் இல்லையே, சாமான்களைத் தூக்கிக்கொடுக்கலாம் என்று ஓடிவந்திருக்கிறான். "அங்கிள், நான்தான், நான்தான்" என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் சொன்னான். டோர்ச் எரிந்துகொண்டே இருந்தது. இவருடைய விரல் விசையிலிருந்து எழவில்லை. நான்தான் விரலைப் பிடித்து விலக்கினேன்.

மேலே எல்லாம் முறைப்படி நடந்தது. கும்பம் வைத்து, தேங்காய் உடைத்து, காசைக் குகை என்கிற மண் கிண்ணத்தில் போட்டு இவர் அதே டோர்ச்சால் உருக்கினார். உருகிய பொன்னைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் காட்டினார்கள். ஆளாளுக்குத் தொட்டுக் கும்பிட்டு வாழ்த்தினார்கள். "ஏன் தம்பி வேர்த்திருக்கு?" என்று தாய் கேட்டதற்கு, படியில் ஓடியதால் என்றான் மாப்பிள்ளை. அவன் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார நினைத்தேன்.

நாங்கள் குடியிருக்கும் செவ்ரானுக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இவர் சொன்னார்.

"நான் விசையை அமத்திப்போட்டன்."

"தெரியும்" என்றேன்.

"வெருட்டத்தான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். ஆரெண்டு பாக்க முதல் அமத்திப்போட்டன்."

அவர் அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த ஞாயிறு கிளப்புக்குப் போகவில்லை. கடைக்கு, மணியடித்தால் நாங்கள் ஆளைப் பார்த்துத் திறக்கிற கதவு போட்டோம். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், இன்றும் ஹெல்மெட்டோடு யாராவது மணியடித்தால் நான் கதவைத் திறக்கமாட்டேன். அத்தான் மறுபடியும் கணக்குச் சொன்ன ஒரு நாள் இவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் சொல்லுறது சரியாவும் இருக்கலாம். ஆனா ஸ்தேனிலை ஒரு பெடியன் எனக்குச் சாமான் தூக்க ஓடி வந்தவன். நான் அவனைச் சுட்டிருந்தா, உங்கடை கணக்கிலை அவன் எந்தப் பக்கத்திலை வருவான்?"

அத்தான், "அங்கை குளிரோ?" என்று கேட்டார்.

அந்த மாப்பிள்ளைக்கு இப்போது பெண் குழந்தை. காது குத்துவதற்குத் தோடு எடுக்க மூவருமாகக் கடைக்கு வந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவனைக் கண்டதும் இவர் கோட்டுப் பைக்குள் இருந்த கைகளை வெளியே எடுத்தார். இரண்டு உள்ளங்கைகளும் அவனுக்குத் தெரியும்படி விரித்துக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார்.