வலைப் பந்தலின் கீழ் கனகாம்பரம்

அஞ்சலை அக்கா இறந்த செய்தி எனக்குப் பழவேற்காடு கடைத்தெருவில் கிடைத்தது. பள்ளிக்கூடம் முடிந்து பேருந்திலிருந்து இறங்கியபோது, பூ விற்கும் அம்மா வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்க குப்பத்து அஞ்சலை பூட்சிம்மா. காய்ச்சல்னு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாங்களாம். அங்கியே முடிஞ்சிடுச்சாம்" என்றார். பக்கத்தில் எங்கள் குப்பத்துப் பெண்கள் மீன் கூடைகளோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

அக்காவை அறிந்தவர்களே, நீங்களும் அப்படித்தான் ஏதோ ஓர் இடத்தில் கேட்டுவிட்டு, முகத்தை மாற்றாமல் நடந்திருப்பீர்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். நாளைக் காலையில் ஊர்க் கூட்டத்தில் என் நைனாவை நிற்க வைத்துக் கேட்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் அக்காவைப் பற்றி ஒருவராவது எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. விளக்குப் போடாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் வலை போட எங்கள் குப்பத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. அதைப் பாடு என்போம். அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை, தன் முறையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஊரைக் கேட்காமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். ஊர் கூடி அந்த வீட்டைத் தள்ளி வைத்தது. அவர்களோடு யாரும் பேசக் கூடாது. கொடுக்கல் வாங்கல் கூடாது. மீறினால் மீறியவர் வீட்டுக்கும் முறை போய்விடும். என் நைனாவுக்கு ஏரியை விட்டால் வேறு தொழில் இல்லை.

ஏழுமலை மாமா காசிமேட்டுக்குப் படகு வேலைக்குப் போனார். அக்கா போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் கனகாம்பரம் வைத்தார்.

எங்கள் மணலில் கனகாம்பரம் வராது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் செடிக்கு உச்சி வெயில் ஆகாது. பாதி நிழல் வேண்டும். அக்கா வீட்டுப் பக்கம் மரமே கிடையாது. அவர் சவுக்குக் கழிகளை நட்டு, கிழிந்துபோன நைலான் வலைகளை மடித்து மடித்து மேலே விரித்துப் பந்தல் போட்டார். திருப்பாலைவனத்திலிருந்து சாணமும் வயல் மண்ணும் கோணிப்பையில் கொண்டுவந்து குழிகளில் போட்டார். நாற்று பச்சையாக எழுந்து நின்றது. பிறகு முதல் மழை பெய்தது. மறுநாள் இலைகள் ஓரம் கருகிக் கிடந்தன. எத்தனையோ வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறிய வலை. அதில் காய்ந்திருந்த உப்பெல்லாம் மழையில் கரைந்து செடியின் தலையில் இறங்கிவிட்டது.

அன்று பேருந்தில் அக்கா எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார். "பொறந்ததுலேர்ந்து உப்புலயே கெடக்குறேன், வலையில உப்பு இருக்கும்னு தோணல பாரு. செடிங்களும் என்னோட சேர மாட்டேன்னு கூட்டம் போட்டு முடிவு பண்ணிடுச்சிங்க போல" என்றார். பிறகு வலைகளை இறக்கி, நல்ல தண்ணீரில் அலசி அலசிக் காயவைத்து, மறுபடி ஏற்றினார். குழாயடியில் அவருக்கு முறை கிடையாது. எல்லோரும் பிடித்து முடித்த பிறகு சொட்டுவதைத்தான் பிடித்துக்கொண்டு போவார். அந்தத் தண்ணீரில்தான் வலையை அலசினார்.

பேருந்தில் அவர் பேசியதை நான் எப்படிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் முதலில் மண்ணெடுக்கவும், பிறகு பூ மூட்டையோடும் திருப்பாலைவனத்துக்குப் போவார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். முதல் நாள் நான் "அக்கா" என்று கூப்பிட வாயெடுத்தேன். அவர் திரும்பாமலே, "எங்கூட பேசாத. யாருனா பாத்து சொன்னா உங்க நைனாவுக்குப் பாடு பூடும். நான் ஜன்னல்கிட்ட பேசிக்கினு வரேன். காதுல வுழுந்தா கேட்டுக்கோ" என்றார். அதன் பிறகு அப்படியே நடந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்துப் பேசுவார். நான் பாடப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பேன். காய்ந்த பூங்கதிரைக் கிள்ளிவிட்டால்தான் புதுக் கதிர் வருமாம். முற்றிய காய் மீது தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதையை எறியுமாம். "நேத்து மழையில ஒரே வெடி. நம்ம வூட்டுல தீவாளின்னு நெனச்சிக்கினேன்" என்று ஒரு நாள் சொன்னார். நடத்துநர் அவரைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம்.

மாசியில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் நடந்தது. பெண்ணின் ஜடை முழுக்கக் கனகாம்பரம். கடைத்தெருப் பூக்கார அம்மாவிடம் வாங்கியது. அவருக்குக் கொடுத்தது அக்கா. வாங்கியவர்களுக்கும் அது தெரியும். அக்காவோடு பேசக் கூடாது, அவரிடம் நேராக வாங்கக் கூடாது என்றுதான் ஊர் சொல்லியிருந்தது. பூவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பேருந்தில் அக்கா பூ மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கண்ணாடியிடம் கேட்டார். "பொண்ணு தலையில எப்டி இருந்துச்சி? பூக்காரி நெருக்கமா கட்டியிருந்தாளா, இல்ல காசுக்காகத் தள்ளித் தள்ளி வெச்சிக் கட்டிட்டாளா?"

"நெருக்கமாத்தான் இருந்துச்சிக்கா" என்று புத்தகத்துக்குள் சொன்னேன்.

"போதும்" என்றார். "நான் போகலன்னா இன்னா. எம் பூ போச்சி."

அக்காவின் உடலைக் கொண்டுவந்த அன்று சங்கு ஊதும் சத்தம் கேட்டது. காசிமேட்டிலிருந்து வந்த உறவுக்காரர்கள்தான் தூக்கினார்கள். எங்கள் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. அம்மா நண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தார், கை நிற்கவில்லை. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சாவு வீட்டுக்குப் போய் வந்தால்தான் அந்த நேரத்தில் தலை முழுகுவார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அங்கே நின்ற பெண்களில் பாதிப் பேருக்குத் தலை ஈரமாக இருந்தது. யார் தலையிலும் பூ இல்லை. கடலில் காற்று இல்லாததைப் பற்றிப் பேசினார்கள். ஐஸ் விலையைப் பற்றிப் பேசினார்கள். ஈரத் தலையைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை. அவ்வளவு பேர் நடுவில் நின்றபோது எனக்கு இருந்த தனிமையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அக்காவுக்கு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இன்று சாயங்காலம் ஏழுமலை மாமா வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வந்தார். கருமாதி முடித்த மொட்டைத் தலையோடு, பந்தலுக்குப் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்துச் சொன்னார். "எனுக்கு யாரும் பதில் சொல்ல வாணாம். இந்தச் செடிங்களுக்குத் தண்ணி ஊத்த ஆளில்ல. வேணுன்றவங்க புடுங்கிக்கினு போங்க." வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள். அவர் மறுபடியும் சொன்னார். அப்போது குரல் உடைந்துவிட்டது.

நான் போனேன். தைரியத்தால் போகவில்லை, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "எனுக்கு ஒண்ணு குடுங்க மாமா" என்றேன். அவர் சின்னச் செடி ஒன்றை வேர் மண்ணோடு தோண்டி என் கையில் வைத்தார். நான் திரும்பி நடந்தபோது தெருவில் பின்னுகிற கைகள் எல்லாம் நின்றிருந்தன.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. நாளைக் காலையில் கூட்டத்துக்கு வரச் சொல்லி நைனாவிடம் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. நைனா வாசலில் நின்றார். "பாடு பூட்டா இன்னாத்தடி துன்னுவோம்? இந்தப் பூவையா?" என்று கேட்டார். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "ஒன்னையும் கூப்ட்டுக் கேட்டாங்கன்னா, வெளையாட்டுப் புள்ள, தெரியாம வாங்கிட்டேன்னு சொல்லு. அந்தப் பொம்பளகிட்ட ஒரு நாளும் பேசுனதில்ல, அவ யாருன்னே தெரியாதுன்னு சொல்லு. வுட்டுடுவாங்க."

விட்டுவிடுவார்கள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. நைனாவுக்காக, செடியைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கச் சொன்னால் வைத்துவிடுவேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னாலும் கேட்பேன். ஆனால் "அவ யாருன்னே தெரியாது" என்று அம்மா சொல்லிக் கொடுத்த வார்த்தை மட்டும் என் வாயில் வரப்போவதில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்ள விரும்புவது இது ஒன்றுதான். அஞ்சலை அக்காவை எனக்குத் தெரியும்.