மோரிப்பில் பிந்திய கடிகாரம்

சென்ற பள்ளி விடுமுறையின்போது எங்கள் வீட்டுக் கார் பட்டறையில் கிடந்தது. கார் இல்லாமல், அதிகச் செலவும் இல்லாமல், வெயிலும் கடலும் உள்ள ஓர் இடத்துக்குக் குடும்பத்துடன் போய்வர முடியுமா என்று என் மருமகள் இரண்டு நாள் கைபேசியில் ஆராய்ந்தாள். எந்த ரயிலில் ஏறி எங்கே இறங்க வேண்டும், எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அது வரைபடம் போட்டுக் காட்டியது. முடிவில் அவள், கார் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இதே ஏற்பாட்டை ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் கொண்டு செய்து முடித்தவர் என் அப்பா. ஆயினும் அந்தப் பயணத்தில் அவர் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டார் என்பதுதான் எங்கள் வரிசை வீடுகளில் நெடுங்காலம் பேசப்பட்ட செய்தி.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தோம். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தார். காலைச் சங்கு ஊதும்போது அவர் தம் இடத்தில் நின்றுகொண்டிருப்பார். ஒருநாளும் அந்தச் சங்கு அவரை வழியில் கண்டதில்லை. அவர் வாசற்படி இறங்குவதைப் பார்த்து அண்டை வீட்டார் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். அந்த மரியாதையை அப்பா வெளிக்காட்டிக்கொள்ளாமல் உள்ளூர மிகவும் விரும்பினார் என்றே நினைக்கிறேன்.

அம்மா டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் கப்பலேறி வந்தவர்கள். வழியெல்லாம் கண்ட கடலைப் பற்றி அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த அம்மா, கடலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலேயே வாழ்ந்தும் அதைப் பார்த்ததில்லை. மணமான பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு மாலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, யாரிடமோ சொல்வதுபோல, "ஒரு தடவையாச்சும் கடல்ல கால நனைக்கணும்," என்றார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது அப்பா ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தார்.

மூன்று வாரம் அந்தப் புத்தகத்தில் கோடு போட்டுப் பெட்டி பெட்டியாக நேரங்களை எழுதினார். கிள்ளான் வரை ரயில். ரயில்வே ஊழியர் குடும்பத்துக்கு ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் பாஸ் இருந்ததால் அதற்குச் செலவில்லை. அங்கிருந்து பந்திங்குக்கு ஒரு பேருந்து, பந்திங்கிலிருந்து மோரிப் கடற்கரைக்கு இன்னொன்று. உணவு வீட்டிலிருந்து: புளிச்சோறு, அவித்த முட்டை, இரண்டு போத்தல் தண்ணீர். திரும்பும்போது மோரிப்பிலிருந்து ஐந்து மணிக்குப் புறப்படும் கடைசிப் பேருந்து. அதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார்.

பக்கத்து வீட்டில் ஒரு கிராணி இருந்தார். ரயில்வே அலுவலகத்தில் எழுத்து வேலை. வரிசையிலேயே கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வேலியருகே நின்று, "எதுக்குங்க இத்தன பாடு? ஒரு ஞாயித்துக்கெழம நானே ஏத்திக்கிட்டுப் போறேன்லா," என்றார். அப்பா நன்றி சொல்லிவிட்டு, காரில் போனால் கார்க்காரருக்கு எப்போது திரும்பத் தோன்றுகிறதோ அப்போது திரும்ப வேண்டும், ரயிலும் பேருந்தும் சொன்ன நேரத்துக்கு வரும் என்று விளக்கினார். கிராணி சிரித்தார். இதனால் எங்கள் பயணம் வரிசை முழுவதற்கும் தெரிந்த ஒரு பந்தயம் போலாகிவிட்டது.

பயணம் புத்தகத்தில் எழுதியபடியே நடந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பென்சிலால் ஒரு குறி போட்டார். பந்திங்கில் மட்டும் பேருந்து நான்கு நிமிடம் பிந்தி வந்தது. அதை ஓட்டுநரிடம் மரியாதையாகத் தெரிவித்தார். ஓட்டுநர் என்ன பதில் சொன்னார் என்பதை அப்பா எங்களுக்குச் சொல்லவில்லை.

நண்பகலில் மோரிப்பில் இறங்கினோம். மரங்களைத் தாண்டிக் கற்சுவர் ஓரத்துக்குப் போய் நின்றோம். கடலைக் காணவில்லை.

சாம்பல் நிறச் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெயிலில் மின்னியது. அதற்கும் அப்பால், வானம் முடியும் இடத்தில், ஒரு நூல் அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதுதான் தண்ணீர் என்று அப்பா சொன்னார். இரண்டு ரயில் நேரப் பட்டியல்களையும் நான்கு பேருந்து நேரங்களையும் எழுதிச் சேர்த்தவருக்கு, கடலுக்கும் ஒரு நேரம் உண்டு என்பது தோன்றாமற்போயிற்று. கரையோரத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகூட அதைச் சொல்லியிருக்கும். ஆனால் எங்கள் வரிசையில் எல்லாரும் ரயில்வேக்காரர்கள். தண்டவாளம் வைத்த இடத்தில் இருக்கும் என்று நம்பிப் பழகியவர்கள்.

அம்மா புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு சேற்றில் நாலைந்து அடி வைத்தார். கணுக்கால் புதைந்ததும் திரும்பிவிட்டார். நாங்கள் கொண்டுவந்த போத்தல் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டார். கால் நனைந்ததென்னவோ உண்மைதான். ஆனால் அது பிரிக்பீல்ட்ஸ் குழாய்த் தண்ணீர்.

"பரவால்லங்க. பாத்தாச்சுல்ல," என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். சாப்பிடும்போது தம்பி, கடல் எப்போது வேலைக்குத் திரும்பும் என்று கேட்டான். அம்மா சிரிக்கவில்லை என்பதைக் கண்டு அவனும் நிறுத்திக்கொண்டான்.

மரத்தடியில் சைக்கிளை நிறுத்திக் கச்சான் பூத்தே விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். வறுத்த கடலையும் முறுக்கும் தாள் கூம்பில் சுற்றித் தரும் நம்மவர். அப்பா எழுந்துபோய் எங்களுக்கு இரண்டு கூம்பு வாங்கினார். வாங்கிய பின்னும் அவரிடம் பேசிக்கொண்டு நின்றார். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டிருக்க வேண்டும். கடலைக்காரரின் பதில் எங்கள் காதிலும் விழுந்தது.

"வரும்ண்ணே, எங்க போயிரப் போவுது. ஆனா அஞ்சரை ஆயிரும். நீங்க அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறவுங்கன்னா பாக்க முடியாது."

அப்பா திரும்பி வரும் வழியில் ஒரு மரத்தின் பக்கம் நின்றார். முதுகு எங்கள் பக்கம் இருந்தது. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, அதைக் கழற்றி என் கையில் கட்டினார். வார் பெரிதாயிருந்ததால் முழங்கைக்கு மேலே ஏற்றி இறுக்கினார்.

"நான் கொஞ்சம் கண்ணசரப் போறேன். நீதான் பொறுப்பு. நாலு அம்பது ஆனதும் எழுப்பு. அதுக்கு முன்னால எழுப்பக் கூடாது."

அப்பாவின் கடிகாரத்தை நான் தொட்டதுகூட இல்லை. அன்று பிற்பகல் முழுவதும் தம்பி நண்டுத் துளைகளைத் தேடி ஓடினான், நான் நகரவில்லை. பெரிய முள்ளையும் சிறிய முள்ளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தில் மணி நான்கு இருபது ஆனபோது சாலையில் ஒரு பேருந்து வந்து, சிலரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அது வேறு பேருந்து என்று முடிவு செய்தேன். நம்முடையதற்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அப்பா ஒரு கையைக் கண்மேல் வைத்துப் படுத்திருந்தார். அம்மா அந்தப் பேருந்து போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் வெள்ளை நூல் கயிறாகி, கயிறு அகன்று, சேற்றின்மேல் தண்ணீர் பரவிக்கொண்டு வந்தது. சரியாக நான்கு ஐம்பதுக்கு அப்பாவை எழுப்பினேன். அவர் நிதானமாக எழுந்து, பைகளை எடுத்துக்கொண்டு எங்களைப் பேருந்து நிறுத்தத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே யாருமில்லை. கடலைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே, பஸ்ஸு போயி அரமணி நேரமாச்சே?"

அப்பா என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பிந்திவிட்டது என்றார். நான் அழத் தொடங்கினேன். நான் ஏதோ செய்து அதைக் கெடுத்துவிட்டேன் என்றே எனக்குப் பட்டது. அவர் என் தலையில் கைவைத்து, "உப்புக்காத்தும்மா. கடிகாரத்துக்கு ஆகாது. ஓன் மேல தப்பு இல்ல," என்றார்.

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வை சற்று நீண்டது.

"அடுத்த பஸ்ஸு?"

"இல்ல."

"அப்ப எப்புடிப் போறதாம்?"

"அத நான் பாத்துக்கறேன். தண்ணி வந்துருச்சு. போயி நில்லு."

அம்மா செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் படிகளில் இறங்கினார். முதல் அலை காலைத் தொட்டதும் நின்றார். அடுத்தது முழங்கால்வரை வந்தது. புடவையைத் தூக்க மறந்துவிட்டார். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "சொன்ன மாதிரியேதான் இருக்கு," என்றார். யார் சொன்னது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. வெயில் சாய்ந்து தண்ணீரெல்லாம் செம்பு நிறமாகும்வரை அவர் அங்கேயே நின்றார். அப்பா அந்த நேரத்தில் சாலையோரம் நின்று, போகிற வருகிற வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

தேங்காய் ஏற்றிய லோரி ஒன்று எங்களைக் கிள்ளான்வரை கொண்டுவந்தது. அம்மாவும் தம்பியும் ஓட்டுநர் பக்கத்தில். அப்பாவும் நானும் பின்னால், தேங்காய்களின் மேல். கடைசி ரயில் நிற்கும்போதே நிலையத்தை அடைந்துவிட்டோம். மேடையிலிருந்த பெரிய கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, அப்பா தம்முடையதை நாற்பது நிமிடம் முன்னுக்குத் திருப்பினார். நோய் தீர்ந்தது என்று எண்ணி நான் நிம்மதியடைந்தேன். எதிரே அமர்ந்திருந்த அம்மாவின் புடவைக் கரை உப்பேறி விறைத்திருந்தது. அதை அவர் விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

செய்தி மறுநாளே வரிசையில் பரவியது. கிராணி வேலியருகே காத்திருந்து, "ரயில்காரருக்கு பஸ்ஸு புடிக்கத் தெரியலியாம்லா," என்றார். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். தீபாவளிக்கு வந்தவர்களிடமும், கல்யாண வீடுகளிலும், அவர் ஓய்வு பெற்ற நாளிலும்கூட அந்தக் கதை சொல்லப்பட்டது. அவர் ஒருமுறையும் மறுக்கவில்லை.

அவருக்காக வழக்காடியவள் நான் ஒருத்திதான். உப்புக்காற்றுப் பட்டால் கடிகாரம் பிந்தும் என்று வரிசைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னேன். பள்ளியில் எங்கள் ஆசிரியையிடமும் சொன்னேன்; அப்படியானால் கப்பல் மாலுமிகள் பாடு என்னாவது என்று அவர் கேட்டார். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். தோள்கள் குலுங்கின. அப்பாவுக்கு நேர்ந்த அவமானத்தை எண்ணி அழுகிறார் என்று நினைத்து, நான் மேலும் பேசாமல் விட்டேன்.

அந்தக் கடிகாரத்தை அப்பா கடைசிவரை கட்டியிருந்தார். அதற்கு முன்பும் பின்பும் அது ஒரு நிமிடம்கூடப் பிந்தியதில்லை. மோரிப்பில் மட்டும் ஏன் பிந்தியது என்று நான் அவரைக் கேட்கவில்லை; உப்புக்காற்று என்று அவர் சொல்லியிருந்தார், எனக்கு அது போதுமானதாயிருந்தது. அம்மாவும் கேட்கவில்லை. அவர் கேட்காததற்குக் காரணம் வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது.