மடையன் கீறல்

துப்பாக்கியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் முகத்தைச் சுளிப்பார்கள் என்று தெரியும். சுளிக்கட்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கனடாவில் மொன்றியலுக்கு வந்து, ஒரு இரும்புப் பட்டறையில் தரை கூட்டத் தொடங்கி, அதே பட்டறையில் லேத் என்ற கடைசல் இயந்திரம் பிடித்து, கடைசியில் சொந்தமாக மூன்று லேத் போட்டு நடத்தியவன் நான். தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு மேடு பள்ளத்தையும் விரல் நுனியால் தடவிச் சொல்லிவிடுவேன். இந்த மொன்றியல் தீவில் அப்படிச் சொல்லக்கூடிய தமிழன் வேறு யாராவது இருந்தால் வரட்டும், தேத்தண்ணி வாங்கித் தருகிறேன்.

அப்படிப்பட்டவனுக்கு 'நைன்டீன் இலெவன்' என்ற கைத்துப்பாக்கி பிடித்துப்போனதில் அதிசயம் இல்லை. நூறு வருடத்துக்கும் மேற்பட்ட அமைப்பு அது. ஒரு ரவை வெடித்ததும் மேற்பாகம் தானாகப் பின்னுக்குப் போய், வெற்றுக்கோதை வெளியே வீசிவிட்டு, அடுத்த ரவையை எடுத்துக்கொண்டு முன்னுக்கு வந்து நிற்கும். எனக்கு அதைக் காட்டியவர் ஒரு கெபெக்குக்காரர், பிரெஞ்சு பேசும் இந்த மாகாணத்து ஆள். ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக். ஏதோ ஒரு உதிரிப்பாகம் கடைவிக்க என் பட்டறைக்கு வந்தவர், என் வேலையைப் பார்த்து வாயைப் பிளந்து, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கும் அப்பால் பாலம் தாண்டி இருக்கிற தன்னுடைய துப்பாக்கிக் கழகத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே அவர் அதைச் சுட்டுக் காட்டவில்லை. கழற்றிக் காட்டினார். கைப்பிடிப் பலகைகளைப் பிடித்திருக்கும் நாலு சின்னத் திருகாணிகளைத் தவிர அதில் திருகாணியே கிடையாது. ஒரு பாகத்தைக் கழற்ற மற்றப் பாகமே கருவியாகிறது. விசையை அமர்த்தினால், மேசை லாச்சியைத் தள்ளியது போல நேராகப் பின்னுக்கு வருகிறது. இதைச் செய்தவன் என்னைப் போல கையால் யோசிக்கிற ஒருவனாகத்தான் இருக்கவேண்டும் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். பேந்து என்ன, துப்பாக்கி அனுமதிக்குப் பிரெஞ்சில் வகுப்பு, பிரெஞ்சில் சோதனை, ஏழாம் வகுப்புக்காரன் முதல் தரத்திலேயே பாஸ். அவரிடம் அந்த அமைப்பில் இரண்டு இருந்தன. ஒன்றை எனக்கு விற்றார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, இந்த அமைப்பை வைத்திருப்பவர்கள் எட்டுப் பேர் கழகத்தில் ஒரு மேசையில் கூடுவோம். பிளாஸ்டிக் உடம்பும் கூடுதல் ரவையும் உள்ள புதுச் சாமான்கள் வைத்திருக்கும் இளசுகள் எங்களைக் கிழடுகளின் மேசை என்பார்கள். எங்களுக்குக் கவலையில்லை. அரை மணித்தியாலம் சுடுவோம், இரண்டு மணித்தியாலம் துடைப்போம், அதற்கு மேல் சண்டை பிடிப்போம். சுருள்வில் எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும், கைப்பிடிக்கு எந்த மரம் நல்லது, தேய்ந்த மெருகைப் புதுப்பிக்கலாமா அல்லது அது பாவமா என்று. பாதுகாப்புக்குப் பொறுப்பான அம்மையார், முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், ஒருநாள் சொன்னதை நான் மறக்கவில்லை. "புதுசுகள் சுடும். இது கைகுலுக்கும்."

சில வருடங்களுக்கு முன் வந்த சட்டப்படி இப்போது இங்கே கைத்துப்பாக்கியை வாங்கவோ விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ முடியாது. இருப்பவர் வைத்திருக்கலாம். அனுமதிப்பத்திரம் காலாவதியானால் சாமான் போய்விடும், திரும்பக் கிடைக்காது. அனுமதியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அந்தப் படிவத்தில் மனைவி கையெழுத்து வைக்க ஒரு இடம் உண்டு. வைக்காவிட்டால் அனுமதி கொடுக்கும் அலுவலகத்தார் தொலைபேசி எடுத்து அவளிடமே கேட்பார்கள். என் மனைவியிடம் கேட்டால் அவள் உண்மையைத்தான் சொல்லுவாள். எனக்குப் பயம் அதுதான்.

சென்ற வசந்தத்தில் படிவத்தை நிரப்பி, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் உள்ள எங்கள் வீட்டுக் குசினி மேசையில் அவள் முன் வைத்தேன்.

"இஞ்சாரும், இதிலை ஒரு சைன் வையும்."

"வையுங்கோ அதிலை. வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

"என்னத்தை வாசிக்கிறது? முந்தி ரெண்டு தரம் வைச்சனீர் தானே."

"முந்தி வேலைக்கு ஓடுற அவதியிலை வைச்சனான். இப்ப எனக்கு நேரம் கிடக்கு."

டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள். படிவம் மூன்று நாள் பிரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்கியது. நாலாம் நாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"உமக்கு என்ன பிரச்சினை? துவக்கு வீட்டிலை கிடக்கிறதோ?"

"அது கீழை இரும்பு அலுமாரிக்குள்ளை பூட்டிக் கிடக்கு. எனக்கு அது விருப்பமில்லைத்தான், ஆனால் அதாலை இல்லை. அந்தக் கீறலை ஆர் போட்டது?"

இந்தக் கீறலைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டும்போது ஒரு சின்ன நெம்புகோலை அதன் இடத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே தள்ளவேண்டும். அவசரப்பட்டு அதைக் கீழிருந்து மேலே வழித்துக்கொண்டு போனால், உடம்பில் பிறை போல ஒரு கீறல் விழும். உலகம் முழுக்க இந்த அமைப்பின் பிரியர்கள் அதை மடையன் கீறல் என்பார்கள். பார்த்தவுடன் சொந்தக்காரனின் தரம் தெரிந்துவிடும். என்னுடையதில் அது இருக்கிறது. வாங்கி வந்த அன்றே, அதே குசினி மேசையில், மனைவி கீரை ஆய்ந்துகொண்டு இருக்கும்போது நான் போட்டது. அடுத்த மாதம் கழகத்தில் அது யார் வேலை என்று கேட்டார்கள். முப்பது வருடம் இரும்பில் ஒரு பிழைக் கீறல் போடாதவன் என்று அந்த மேசையில் நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "வாங்கும்போதே இருந்தது." பஸ் மெக்கானிக் அன்று வந்திருக்கவில்லை. பின்பு வந்தபோது எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். அவர் தோளைக் குலுக்கினார். நான் சும்மா இருந்துவிட்டேன்.

"போன கோடை கழகத்திலை நடந்த சோளப் பார்ட்டியிலை அந்த மனிசனை எல்லாரும் பகிடி பண்ணினவை," என்றாள் மனைவி. "அவரிட்டை வாங்கினால் கீறல் இலவசமாம். நீங்களும் சேந்து சிரிச்சனீங்கள். எனக்குப் பிரெஞ்சு விளங்காதெண்டு நினைச்சியளோ?"

"ஒரு சின்னக் கீறலப்பா."

"சின்னன் எண்டால் சொல்லுறதுக்கு என்ன?"

"நான் அதை அரை மணித்தியாலத்திலை மறைச்சுப்போடுவன். தடமே தெரியாது."

"மறைச்சால் அந்தாளுக்குப் போன பேர் திரும்பி வருமோ? இந்தப் பேப்பரிலை நான் சைன் வைச்சால், இந்த மனிசனை நம்பலாமெண்டு நான் சொல்லுறதெல்லோ. அங்கை போய் உள்ளதைச் சொல்லுங்கோ. பேந்து வைக்கிறன்."

அந்தக் கிழமை முழுக்க நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் அந்தத் துப்பாக்கி, மறுபக்கம் அந்த மேசையில் என் மரியாதை. அனுமதி முடிய ஆறு கிழமை இருந்தது. அவளைப் பேசி மாற்றலாம் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. பட்டறையில் பன்னிரண்டு பேரை நான் அதட்டி வேலை வாங்கியிருக்கிறேன், அவளை ஒரு நாளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளும் வந்தாள். படிவம் அவளுடைய கைப்பைக்குள். மேசையில் மற்ற ஏழு பேரும் கோப்பியோடு இருந்தார்கள். நான் உட்காரவில்லை. என் பட்டறைப் பிரெஞ்சில் ஒரே மூச்சாகச் சொன்னேன்: "அந்தக் கீறல் நான் போட்டது. வாங்கிய அன்றே, என் வீட்டு மேசையில். இவர் விற்கும்போது அது இல்லை."

அம்மையார் கோப்பியைக் கீழே வைத்தார். பஸ் மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்," என்றார். "விற்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்."

"பிறகு ஏன் இவ்வளவு வருடமும் சொல்லவில்லை?" என்றேன்.

"மாதாமாதம் ஒரு பெட்டி பொரித்த றோல்ஸ் கொண்டுவந்து எனக்கு மட்டும் காருக்குள் வைத்துத் தருவாய். நான் வாயைத் திறந்தால் அது நின்றுவிடும் அல்லவா?"

மேசையில் இருந்த மற்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை கீறல் கதைக்கு வந்த பார்வையை விட மோசமாக இருந்தது. மனைவி தமிழில் தொடங்கினாள்.

"முழு மேசைக்கும் எண்டெல்லோ சொல்லி என்னட்டைப் பொரிப்பிச்சனீங்கள். அப்ப அது இவருக்கு லஞ்சமோ?" பிறகு அதையே பிரெஞ்சில், எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னாள்.

"கீறலை மன்னிக்கலாம்," என்றார் அம்மையார். "இதை மன்னிக்க நாங்கள் கூடிப் பேசவேண்டும்."

பஸ் மெக்கானிக் சிரித்துச் சிரித்து இருமினார். தன்னுடைய துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினார். அதில் இரண்டு பிறைகள். "ஒன்று மட்டும்தான் என்னுடையது. மற்றது என் அப்பாவுடையது என்று சொல்லி வருகிறேன்," என்றார். அவருடைய அப்பா துப்பாக்கியே தொட்டதில்லை என்பது அந்த மேசைக்குத் தெரியும்.

சுடும் நேரம் வந்தபோது அம்மையார் என் மனைவியையும் கூப்பிட்டார், ஒரு தரம் பிடித்துப் பார்க்கும்படி. அவள் மரியாதையாக மறுத்தாள். என்னிடம் மட்டும், "எனக்கு இந்தச் சத்தம் சின்ன வயசிலை ஊரிலை கேட்டதே காணும்," என்று சொல்லிவிட்டு கோப்பியோடு வெளியே போய் வெயிலில் நின்றாள். நான் உள்ளே போனேன். அன்று என் ஏழு ரவையும் இலக்குக் கடதாசியில் ஒரு தோடம்பழ அளவுக்குள் அடங்கின. நம்பாதவர்கள் கழகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் கையெழுத்துக் கேட்டேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள். நான் எழுதியதில் இரண்டு இடத்தில் பிரெஞ்சுப் பிழை கண்டு திருத்தினாள். பிறகு தமிழில், முழுப்பெயரும் வரும்படி, பள்ளிக்கூடப் பிள்ளை போல வடிவாகக் கையெழுத்து வைத்தாள்.

"அஞ்சு வரியத்துக்குத்தானே இது," என்றாள். "அடுத்த முறை கேக்கிறதுக்கு முந்தி, வேறை ஏதும் மறைச்சது கிடந்தால் இப்பவே யோசிச்சு வையுங்கோ."

யோசித்துப் பார்த்தேன். மூன்று இருந்தது. படிவத்தை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு, சப்பாத்துக் கயிறு கட்டவும் நில்லாமல் தபால்பெட்டிக்கு நடந்தேன்.