தலைவர் போட்டுத் தருவதாகச் சொன்ன குழாய்

தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கையில் கலவானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒரே மண்டபம், வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது. நான் கணக்குக் கேட்டால் நான்காம் வகுப்பும் சேர்ந்து விடை சொல்லும்.

ஒருநாள் ஆசிரிய ஆலோசகர் வந்து, இனிமேல் ஒரு கருப்பொருளை எடுத்தால் எல்லாப் பாடங்களையும் அதற்குள்ளேயே கற்பிக்க வேண்டும் என்றார். எனக்குக் கொடுத்தது தேசியத் தலைவர்கள். சித்திரப் பாடத்தில் தலைவர்களை வரைந்தோம். புத்தகத்தில் எல்லோருக்கும் மீசை இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. கணக்கில், இறந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தோம். ஒரு தலைவருக்கு நூற்று முப்பத்திரண்டு வயது வந்தது. கழிக்க முடியாத இடத்தில் எண்களைத் திருப்பிப் போட்டுக் கழித்திருந்தார்கள்.

மொழிப் பாடத்துக்கு, "ஒரு தலைவர் மக்களுக்கு என்ன செஞ்சார்னு வீட்டுல கேட்டு மூணு வரி எழுதிட்டு வாங்க" என்றேன். புத்தகத்தில் உள்ள தலைவர் என்று சொல்ல மறந்துவிட்டேன். தோட்டத்தில் தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர்தான்.

தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் கடைசி லயத்துப் பிள்ளை ஒருத்தி எழுதியிருந்தாள்: "எங்கள் தலைவர் நல்லவர். எங்கள் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னார். போன வருடமும் சொன்னார்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

மூன்றாம் நாள் தலைவரே வந்துவிட்டார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவர் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார்.

"இது யாரு எழுதுனது டீச்சர்?"

பாடத்துக்காக எழுதியது என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் மாமா."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"அம்மாகிட்டக் கேட்டேன். அம்மா நாலு வரி சொன்னாங்க. டீச்சர் மூணுதான் கேட்டாங்க."

நான்காவது வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் எனக்குத் தொலைதூரத்து எம்பிலிப்பிட்டிய பக்கம் இடமாற்றம் வரலாம்.

"'சொன்னார்'னு போட்டா முடிஞ்சுபோன மாதிரி இருக்குங்க டீச்சர்," என்றார் அவர். "'சொல்லியிருக்கார்'னு மாத்துங்க."

"பிள்ளை எழுதுனதுங்க. அவளே மாத்தட்டும்," என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அவள் பென்சிலை எடுத்தாள். "போன வருசம் சொன்னதையும் மாத்தணுமா மாமா?"

நான்காம் வகுப்பு சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. தாளை இன்னொரு தடவை வாசித்தார்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் தபாலுக்குப் பயந்துகொண்டிருந்தேன். கடிதம் வரவில்லை. அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்கு நான்கு முறை போனதாகக் கேள்விப்பட்டேன். தீபாவளிக்கு முன் கடைசி லயத்துக்குக் குழாய் வந்தது. தண்ணீர் காலையில் மட்டும் வரும்.

பிறகு ஆலோசகர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். அந்தத் தாளின் முன் நின்று, "இந்தத் தலைவர் பாடநூலில் இல்லையே" என்றார். உள்ளூர்க்காரர் என்றேன். நல்ல முயற்சி, படமும் ஒன்று இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்றார்.

தலைவரிடம் ஒரு படம் கேட்டுச் சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே நான்கு வந்தன. அவர் கழுத்தில் மாலையோடு மேடையில் நின்ற படத்தை ஒட்டினேன்.