நான்கு காலி வரிசைகள்

அந்தப் பத்திரிகைப் படத்தில் நானும் இருக்கிறேன். ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் தெரியும் முழங்கை என்னுடையது. எனக்குப் பின்னால் கேப்டன், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு தமிழ் ஆட்டக்காரர்கள். மூவரும் மடியில் பொட்டலத்தை வைத்துச் சாப்பிடுகிறார்கள். அதன் பிறகு நான்கு வரிசை காலி. அதற்கும் பின்னால் மங்கலாக மற்ற எல்லோரும். பேருந்தின் முன்கண்ணாடி வழியாக எடுத்த படம். மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: அணி இரண்டாக உடைந்தது.

கேரி தீவுத் தோட்டத்தில் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். செம்பனைக் குலை ஏற்றும் லோரி, செராஸில் ஒரு நாற்காலி மேசைக் கடையின் வண்டி, சாலாக் செலாத்தானில் ஒரு பட்டறை என்று எங்கும் ஓராண்டுக்கு மேல் தங்கியதில்லை. லீக்கில் ஆடிய ஒரு காற்பந்துக் குழுவின் பேருந்தை மட்டும் இரண்டு பருவம் ஓட்டினேன். பத்திரிகையில் படித்த குழு ஒன்று, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குழு வேறொன்று. சொகுசில் மிதப்பவர்கள் என்று எழுதுவார்கள். முட்டியில் கட்டிய ஐஸ் பை உருகிப் பேருந்து நெடுகிலும் ஈரமாகும், துடைத்தது நான். கோல் அடித்தாலும் சிரிக்காத வெளிநாட்டுக்காரனுக்குத் திமிர் என்றார்கள். அவனுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. பிரிக்பீல்ட்ஸில் பல் மருத்துவரிடம் கூட்டிப் போனதும் நான்தான். நம் லீக்கில் எவனும் மனசு வைத்து ஆடுவதில்லை என்பது கடைசிப் பக்கத்தில் வாரம் தவறாமல் வரும். தோற்றுத் திரும்பும் வழியில் மூன்று மணி நேரம் ஒருவரும் வாய் திறக்காத பேருந்தை ஓட்டியிருந்தால் அப்படி எழுத வராது.

கேப்டன் தற்காப்பு ஆட்டக்காரர். அதிகம் பேசமாட்டார். அந்த ஆண்டு அவரும் மற்ற இருவரும் பத்துமலையில் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தார்கள். தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே விரதம் தொடங்கியாயிற்று. பின்னால் இருப்பவர்கள் பொரித்த கோழியும் சோறும் சாப்பிடுவார்கள். இவர்களுக்காக அதை நிறுத்த வேண்டாம் என்று கேப்டனே சொல்லி முன்னிருக்கைகளுக்கு வந்துவிட்டார். வாடை அண்டாமல் இருக்க நடுவில் நான்கு வரிசையைக் காலியாக விட்டது மலாய்க்கார கோல்கீப்பரின் யோசனை. பேருந்து கிளம்பும் முன் பிரிக்பீல்ட்ஸில் இந்த மூவருக்கும் இடியாப்பம் கட்டி வாங்கி வருவதும் அவர்தான். கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்க் கோழிக்காலைத் தூக்கிக் காட்டுவார். "சாமி, ஆயாம் வேணுமா?"

"பூசம் முடியட்டும்டா. உன் பங்கையும் சேர்த்துத் திங்கிறேன்," என்பார் கேப்டன். மொத்தப் பேருந்தும் சிரிக்கும்.

அப்போது தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றிருந்தோம். வெளியூர் போகும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒரு நிருபர் என்னிடம் வந்து குடிக்க வாங்கித் தந்தார். தமிழர். "என்னண்ணே, டீம்ல என்னதான் பிரச்சினை?" என்றார். என்னை மதித்து ஒருவர் கேட்கிறாரே என்று எனக்கு வாய் நீண்டுவிட்டது.

"முன்ன மாதிரி இல்ல பாஸ். இவங்க மூணு பேரு முன்னால, மத்தவங்க பின்னால. ஒண்ணா உக்காந்து சாப்பிட்டே ஒரு மாசம் ஆகப்போகுது."

சொன்னதில் பொய் இல்லை. ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. தமிழருக்கு இது என்ன மாதம் என்று தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் ஏறி உட்கார்ந்ததும் அவர் பேருந்துக்கு முன்னால் நின்று படம் எடுத்தார். நான் கையை ஆட்டினேன்.

மறுநாள் பத்திரிகையில் நான் சொன்னது அப்படியே இருந்தது. பெயர் இல்லை, அணியை நன்கு அறிந்த ஒருவர் என்று இருந்தது. கேப்டன் தன் இனத்தவரோடு தனிக்கூட்டம் சேர்க்கிறார் என்பது மட்டும் அவர்கள் சேர்த்தது. நிர்வாகம் கேப்டனைக் கூப்பிட்டது. வெளியே வந்தபோது அவர் கையில் கேப்டன் பட்டை இல்லை. அதைக் கோல்கீப்பரிடம் கொடுத்தார்கள். வாங்கும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று மாலையே மேனேஜரின் அறைக்குப் போய், பேசியது நான்தான், அது விரதம், வேறொன்றும் இல்லை என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, அவர்கள் சைவம் என்று பஸ் டிரைவர் சொல்கிறார், இதை நான் அறிக்கையாக விடவா என்று மலாயில் கேட்டார். பிறகு, போய் வண்டியைக் கழுவு என்றார்.

தைப்பூசம் முடிந்தது. மூவரும் மொட்டைத் தலையோடு பழைய இருக்கைகளுக்குத் திரும்பினார்கள். கோழிக்கு அடிதடி நடந்தது. அடுத்த இரண்டு ஆட்டமும் வென்றோம். நிர்வாகத்தின் துணிச்சலான முடிவு அணியை ஒன்றாக்கியது என்று அதே பத்திரிகை எழுதியது. பருவம் முடிந்ததும் கேப்டன் கீழ்ப்பிரிவுக் குழு ஒன்றுக்குப் போய்விட்டார். பட்டை கையை விட்டுப் போன பிறகு நல்ல குழு எதுவும் அவரைக் கேட்கவில்லை. உடைப்பவர் என்ற பேர் அவருக்கு முன்னால் போய் நின்றது.

போன மாதம் கிள்ளானுக்கு லோரியில் சரக்கு இறக்கப் போயிருந்தேன். ஒரு திடலோரம் விசில் கேட்டுத் திரும்பினால், அவர். நரைத்திருந்தார். வார நாட்களில் துறைமுகக் கிடங்கில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கேப்டன், அன்னிக்கு அந்த நிருபர்கிட்ட பேசினது நான்தான்."

அவர் திடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்ணே. மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னதும் தெரியும்."

"அப்புறம் ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"அவர்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட சொல்லலியே. சீசன் முடியற வரைக்கும் பார்த்தேன் லா."

என் கடமையை அன்றே செய்துவிட்டதாக இத்தனை காலம் நினைத்திருந்தேன். இவரிடம் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது, அதனால் முதலிலிருந்து சொன்னேன்: ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தியது, நிருபர் வந்தது, டீ வாங்கித் தந்தது.

"டீ இல்லண்ணே, சிராப்புத் தண்ணி," என்றார். "செவப்பா இருந்துச்சு. பஸ் கதவு திறந்துதான் கிடந்துச்சு. நீங்க பேசினது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு."

"அப்பவே இறங்கி வந்து சொல்லியிருக்கலாமே, கேப்டன்."

விசிலை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"விரதம்னு அடுத்து நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."