ஸ்வீர் என்ற சொல்லும் என் தங்கையும்

அரிமளத்தில் எங்கள் வீட்டில் என் தங்கைக்குச் சோம்பேறி என்பதே பெயராகிவிட்டிருந்தது. பத்தொன்பது வயது. தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். "எந்திரிடி! ஒன்னைய எவன் கட்டிக்கிட்டுப் போவான்?" என்று எங்கள் அம்மா கத்துவார். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. வீட்டிலிருந்தே திருமயத்துக்குப் போய்வரும் ஆசிரியையாக இருந்துகொண்டு, ஆங்கில எம்.ஏ. தேர்வுக்குத் தனியாகப் படித்துவந்தேன். பாடத்தில் வந்த பழைய ஸ்காட்லாந்துப் பாட்டொன்றில் 'ஸ்வீர்' என்ற சொல் புரியவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய், நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். 'சோம்பலான' என்று பொருள் இருந்தது. அதன் கீழே சொல்லின் வரலாறு. ஆதியில் அதற்குக் கனமான, வேதனையான என்றுதான் பொருளாம். பிறகு எதற்கும் மனம் எழாதவர்களைச் சொல்லி, கடைசியில் சோம்பேறியில் வந்து நின்றுவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, காலு ரெண்டும் கனக்குதுக்கா" என்று தங்கை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! ஒருவரும் காதில் வாங்கவில்லை.

மறு வாரமே அவளைப் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

"ரத்தமே இல்லையேம்மா! இந்தப் பொண்ணு எப்படி நடமாடுச்சு?"

சோதித்துப் பார்த்ததில், வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. அதற்கு மருந்தும், ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்.

"சோம்பலுக்கு மாத்திரையா?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. மாதக்கணக்கில், ஒரு வேளைகூடத் தப்பாமல் விழுங்கவைத்தேன்.

அடுத்த நடவுக்கு அவளும் வயலில் இறங்கினாள். பத்துப் பெண்கள் வரிசை. மற்றவர்கள் பாதி வயலில் இருக்கும்போதே தன் பங்கை நட்டு முடித்து வரப்பேறிவிட்டாள். சேற்றுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"எம்மகளப் பாருங்கடி!" என்று அம்மா கூவினார். பிறகு என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "புள்ளைய அநியாயமாத் திட்டிப்புட்டேன்டி" என்றார்.

"அவகிட்டயே சொல்லுங்க" என்றேன்.

எல்லார் முன்னாலும் போய்ச் சொன்னார்.