மாமனாரின் முதுகும் என் காலும்

போன வருடம் ஆடி மாதம், எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணையில் நடந்தது இது. நான் பிறந்தபோது கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கம் நம்புவார்கள். கல்யாணமாகி வந்த வாரமே விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தீவன லாரி டிரைவர் முதல் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரை வந்து குப்புறப் படுப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே லேசாக மிதித்து அனுப்புவேன். மற்றபடி, என் காலுக்கு இருந்த மரியாதை அந்த வீட்டில் என் வாய்க்கு இருந்ததில்லை.

அன்று காலை தீவன மூட்டையைத் தூக்கிய மாமனாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு நடந்தார். வழியில் அந்தக் கால் செருப்பு கழன்று விழுந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. பின்னால் வந்த நான்தான் எடுத்து வந்தேன். மற்ற நாளில் அவர் முன்னால் காலை நீட்டிக்கூட உட்கார மாட்டேன். அப்படிப்பட்டவர் கூடத்தில் குப்புறப் படுத்து, "வா சாமி, வந்து மெதி" என்றார்.

என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் வலியில் கத்தியிருக்கிறார்கள். கால் மரத்துப் போய் ஒருவரும் வந்ததில்லை. குனிந்து, அவர் இழுத்து நடந்த காலின் கட்டைவிரலைக் கிள்ளினேன். "ம், சீக்கிரம்" என்றாரே தவிர, கிள்ளியது தெரியவில்லை. இது வெறும் பிடிப்பில்லை என்று நிமிர்ந்துவிட்டேன்.

"மெதிக்க மாட்டேனுங்க மாமா. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

மாமியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊரான் முதுவுல எல்லாம் ஏறி நிப்பா. மாமனாருன்னா மட்டும் பிகு பண்றாளே!"

"ஒரு மெதி மெதிச்சுட்டுப் போயேன், அப்பா கோவிச்சுக்குவாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"கோவிச்சுக்கட்டுமுங்க. நடக்க முடியாமப் போனா அந்தக் கோவத்த வெச்சு என்ன பண்றது? வண்டிய எடுங்க." சாவியை எடுத்து அவர் கையில் திணித்தேன். மாமனார் முறைத்தார். நான் அசையவில்லை.

நாமக்கல்லில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "யாராவது மிதிச்சு கிதிச்சு விட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இல்லைங்க" என்றேன். முதுகெலும்பில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது, மிதித்திருந்தால் கால் விளங்காமலே போயிருக்கலாம் என்றார்.

ஆபரேஷன் முடிந்து காயம் ஆறியதும், டாக்டர் சொன்னபடி பிசியோதெரபி செய்யும் பெண் வீட்டுக்கு வந்தார். இறுகிக் கிடந்த முதுகைக் கையால் பதமாக நீவினார். காலை மெல்ல மடக்கி நீட்டி, தானாக அசைக்கப் பழக்கினார். ஏறி மிதித்தால்தான் வைத்தியம் என்றிருந்த மாமனார், "இவ்வளவு மெதுவாவா?" என்று முதலில் முனகினார். பிறகு அவரே அந்தப் பெண்ணுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்.

இப்போது பண்ணைக்கு நடந்தே போகிறார். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், நான் எழுந்து வருவதற்குள் அவரே சொல்லிவிடுகிறார்: "என்ற மருமவ மெதிக்க மாட்டா. மொதல்ல டாக்டரப் போய்ப் பாரு."

அன்று திறந்த வாயை நான் இன்னும் மூடவில்லை, மூடுவதாகவும் இல்லை.